கிணற்றில் நிலா வளர்த்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரின் நாற்காலியில் படங்கள் படுத்திருக்கும். அன்று நோயாளிகள் கிடையாது. நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, தலை வைக்கும் இடத்தில் ஓர் அட்டையைச் சாத்தி, அதில் படத்தைக் குத்திவைப்பார். பெரிய விளக்கை இழுத்து அதன் மேல் திருப்புவார். நாங்கள் சுற்றி நிற்போம்.

நாங்கள் நாலு பேர். பல் டாக்டர், பேக்கரிக்காரர், நிலம் அளக்கும் வேலையில் இருக்கும் ஒருவர், நான். நிலம் அளப்பவருக்கு எங்களுக்குள் நிழல் என்று பெயர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் சூரியன் எங்கே என்று கேட்பார்.

எல்லோரும் தேவதைக் கதைகளுக்கு ஒட்டுப்படம் செய்கிறவர்கள். ஒரு புகைப்படத்திலிருந்து மலை, இன்னொன்றிலிருந்து வானம், வேறொன்றிலிருந்து ஒரு பெண். கம்ப்யூட்டரில் வெட்டி, அடுக்கி, ஒரே காமிரா ஒரே நொடியில் எடுத்தது போல் ஆக்க வேண்டும். மாதம் ஒருவர் கதை சொல்வார். இரண்டு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் அதற்குப் படம் செய்துகொண்டு வருவார்கள்.

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் சிவப்புப் பொட்டுகள். டாக்டர் கோப்புகளில் ஒட்டுவதற்காக வாங்கி வைத்திருப்பவை. ஒட்டு எங்கே பல்லிளிக்கிறதோ அங்கே ஒன்றை வைக்க வேண்டும். வைக்கும்போது யாரும் பேசக் கூடாது. படம் செய்தவர் கடைசிப் பொட்டு விழும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

"இந்த ரூம்ல வாயை மூடுங்கன்னு நான் சொல்றது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்" என்பார் டாக்டர். ஒவ்வொரு வாரமும் சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

பொட்டே விழாத படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது என்று பேச்சு. இதுவரை ஒன்றுதான் மாட்டியிருக்கிறது. பேக்கரிக்காரரின் பனிமலை. உண்மையில் அது ரொட்டி. பனி, சர்க்கரைத் தூள். பல்வலியோடு வருகிறவர்கள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மாதம் கதை டாக்டருடையது.

"ஒருத்தி கிணத்துல நிலா வளர்த்தா. தினமும் ஒரு கிண்ணம் பால் ஊத்தினா. நிலா பெருத்துப் போய் வெளியே வர முடியாம மாட்டிக்கிச்சு."

"அப்புறம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"அப்புறம் உங்க பாடு."

*

கிணற்றடியில் யாரை நிறுத்துவது என்று நான் யோசிக்கவே இல்லை. அக்காவைத்தான். யோசிக்க வேண்டியிருந்தது அவளை எப்படி நிறுத்துவது என்பதை.

அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். மாடியில் அவள், அவள் மகள், நான். பகலில் நான் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். ஊரில் பாதிப் பேரின் முகம் என் கையால் வெட்டப்பட்டது. அக்காவை மட்டும் எடுத்ததில்லை. விடமாட்டாள். வீட்டில் உள்ள படங்களில் அவள் ஒரு முழங்கை. அல்லது ஒரு பின்னந்தலை. அல்லது லென்ஸை மறைக்கும் ஓர் உள்ளங்கை.

"காமிராவுக்கும் எனக்கும் ஆகாது" என்பாள். "செல்ஃபின்னு போன்ல பாக்கும்போது நானாத்தான் இருக்கேன். அமுக்கினதும் வேற எவளோ வந்து உக்காந்துக்கிறா."

மகளை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். வேறு ஊரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். விடுதிச் சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள்.

"ஏன், அதுக்குள்ள என் முகம் மறந்துடுமா உனக்கு?"

"மறந்துடும். முழங்கை மட்டும் ஞாபகம் இருக்கும்."

"முழங்கையையே மாட்டிக்கோ."

குருவி பெட்டியை அடுக்கினாள். அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினாள். நான் அக்காவிடம் நிலாக் கதையைச் சொன்னேன்.

"நீயா நிக்க வேண்டாம்க்கா. கதையில வர்றவளா நில்லு. யாரோன்னு வச்சுக்கோ."

அக்கா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"யாரோன்னா சரி. ஆனா பிடிக்கலேன்னா கிழிச்சிடணும். கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் சேத்து."

"சரி."

"இவ மூக்கால அழக் கூடாது."

"அழ மாட்டேன்" என்றாள் குருவி.

*

கடை மூடியிருக்கும் நாளில் எடுத்தோம். தலை கழுவும் தொட்டியின் முன் அக்கா குனிந்து நின்றாள். தொட்டிக்குள் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் ஒரு சின்ன விளக்கை வைத்திருந்தேன். அதுதான் நிலா. மற்ற வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னலிலிருந்து.

அக்கா கல்லாக நின்றாள். பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்களின் முகம். இது ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குருவி சொன்னாள்:

"அம்மா, அதுக்குப் பொடுகு இருக்கு பாரு. ஷாம்பூ போடு."

அக்கா சிரித்தாள். அமுக்கிவிட்டேன்.

கிணறு என்னிடம் முன்பே இருந்தது. எப்போதோ ஒரு பயணத்தில் எடுத்தது. பாசி பிடித்த கல், சாயங்கால வெளிச்சம், வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து. அக்காவின் மேல் விழுந்ததோ இடப்பக்கத்து வெளிச்சம். அதனால் அக்காவை இடவலமாகப் புரட்டினேன். எங்கள் வேலையில் இது கண் இமைப்பது மாதிரி. யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மீதி வேலைதான் நாட்களை விழுங்கியது. முடியை இழை இழையாகப் பிரித்தெடுத்தேன். கழுத்தின் அடியில் பால் வெளிச்சம் பூசினேன். ஒரு முகத்தைப் பெரிதாக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது முகமாக இருப்பதில்லை. மணலாகிவிடுகிறது. நான் மணலைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அச்சடித்ததும் முதலில் அக்காவிடம் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். கிழி என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"இது நான்" என்றாள்.

"யாரோன்னுதானே…"

"யாரோ என்ன யாரோ. நான்தான். இத்தனை நாளா இந்தக் காமிராவை எங்கேடி ஒளிச்சு வச்சிருந்தே?"

படத்தைத் திருப்பித் தரவில்லை. கடைக் கண்ணாடியின் மூலையில் செருகிவைத்தாள். முடி வெட்ட வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். தங்கை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மூவரும் சிரித்தோம். அந்தக் கேள்வியை நான் கவனித்திருக்க வேண்டும்.

குருவி மாலையில் வந்தாள். பையை இறக்காமலே பார்த்தாள்.

"அழகா இருக்கு சித்தி."

அவ்வளவுதான். பாதித் தட்டில் கை கழுவுகிறவர்கள் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

*

ஞாயிற்றுக்கிழமை குருவி என்னோடு வருகிறேன் என்றாள். படத்தை நாற்காலியில் குத்தினோம். டாக்டர் விளக்கைத் திருப்பினார். கண்ணாடியில் செருகிவைத்திருந்ததை அக்கா தர மறுத்ததால் இது இரண்டாவது அச்சு.

பேக்கரிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். டாக்டர் வாய்க்குள் பார்ப்பது போல் பார்த்தார். நிழல் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு கிணற்றின் விளிம்பு வரை கொண்டுபோனார். பிறகு அதைத் தன் சட்டைப் பொத்தானில் ஒட்டிக்கொண்டார்.

ஒருவரும் வைக்கவில்லை. பனிமலைக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க இடம் இருக்கிறதா என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் குருவியிடம் ஒரு பொட்டை நீட்டினார். மரியாதைக்குத்தான். குருவி அதை வாங்கி, நேராக அக்காவின் மூக்கு நுனியில் வைத்தாள்.

வாய்கள் திறந்தன.

"அங்க ஒட்டே இல்லையேம்மா" என்றார் நிழல். "முகம் ஒரே துண்டு."

"தெரியும்."

"பின்னே?"

"அம்மா மாதிரி இல்ல."

"எது இல்ல? கண்ணா, மூக்கா?"

"கண்ணு அம்மாவோடதுதான். மூக்கும்தான். சேத்துப் பாத்தா அம்மா இல்ல."

பேக்கரிக்காரர் மோவாயைச் சொறிந்தார். "மாவு சரி, வெண்ணெய் சரி, சர்க்கரை சரி. ஆனா கேக் வரல. அப்படியா?"

"அப்படித்தான் அங்கிள்."

"அது பெரிய வியாதியாச்சே."

வெளியாள் வைத்த பொட்டு செல்லுமா என்று டாக்டர் கேட்டார். செல்லாது என்று நிழல் சொன்னார். எனக்குப் பனிமலைக்குப் பக்கத்து இடம் வேண்டியிருந்தது. ஆனாலும் பொட்டு பொட்டுதான் என்றேன். ஒட்டே இல்லாத இடத்தில் என்ன தெரிகிறது இவளுக்கு? அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

செருப்பு மாட்டும்போது நிழல் கேட்டார்: "நிலா தண்ணியிலதானே இருக்கு? தண்ணி எங்கே?"

"கிணத்துக்குள்ள."

"தெரியலையே."

"அப்போ ஏன் பொட்டு வைக்கல?"

"இல்லாததுக்கு எங்க கொண்டு போய் ஒட்டுறது?"

*

குருவியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். தோலின் நிறத்தைக் கொஞ்சம் சூடாக்கினேன்.

"இப்போ?"

"இல்ல."

மூக்கின் கீழ் நிழலைக் குறைத்தேன். கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளியை எடுத்தேன். கண் செத்துப்போனது. திரும்ப வைத்தேன். அடியிலிருந்து வந்த நிலா வெளிச்சத்தை முழுவதுமாக அணைத்தேன்.

"இல்ல சித்தி. கடையில சாதாரணமா நிக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா அம்மாவோட பெரியம்மா பொண்ணு யாரோ கடையில நிக்கிறாங்க."

ஒரு தாளால் முகத்தின் பாதியை மறைத்தேன். அம்மா என்றாள். மறுபாதியை மறைத்தேன். யோசித்து, இதுவும் அம்மா என்றாள். தாளை எடுத்தேன்.

"போயிட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தும்மல் மூக்கு வரை வந்து நின்றுவிட்டது போல இருந்தது எனக்கு. ஸ்டுடியோவில் வாடிக்கையாளர் முகங்களைத் தாளால் மறைத்து மறைத்துப் பார்த்தேன். ஒருவர் என்னிடம், படத்தில் ஏதாவது நோய் தெரிகிறதா என்று கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு. "அவளுக்குத்தான் கண்ணு கோளாறு. அதுக்கு நீ ஏண்டி மண்டையை உடைச்சுக்கிறே? அந்த மண்டையாவது பாக்கிற மாதிரி இருக்கா? முடி கழுத்தைத் தாண்டிடுச்சு. வா, உக்காரு."

உட்கார்ந்தேன். துணியைக் கழுத்தில் கட்டினாள். ஈரப்படுத்தினாள். வாடிக்கையாளர்களோடு பேசுவது போலவே கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். குருவிக்கு விடுதியில் வெந்நீர் கிடைக்குமா, தலையணை கொடுத்தனுப்ப வேண்டுமா. நான் கண்ணாடியில் அவளைப் பார்த்து உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

என் படத்தில் இருந்தவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வகிடு என் இடப்பக்கம். சிரிப்பு வலப்பக்கமாக ஏறியது. மூலையில் செருகியிருந்த படத்தைப் பார்த்தேன். வகிடு இடப்பக்கம், சிரிப்பு வலப்பக்கம். தலையைத் திருப்பி நேராக அக்காவைப் பார்த்தேன். வகிடு வலப்பக்கம் போய்விட்டது. சிரிப்பும் பக்கம் மாறிவிட்டது. அக்கா வந்துவிட்டாள். மறுபடி கண்ணாடி. அக்கா போய்விட்டாள்.

"ஆடாதேடி. காதை வெட்டிடுவேன்."

"அக்கா, நீ உன்னைப் பாத்திருக்கியா?"

"என்ன கேள்வி இது? நாள் பூரா இவளைத்தானே பாத்துட்டு இருக்கேன்." கத்தரிக்கோலால் கண்ணாடியைக் காட்டினாள்.

"அதான்" என்றேன். "குருவியைக் கூப்பிடு."

பாதி வெட்டிய முடியோடு விளக்கினேன். நான் படத்தைப் புரட்டியிருக்கிறேன். புரட்டியதில் அக்கா கண்ணாடியில் பார்க்கிற முகம் வந்துவிட்டது. அந்த முகத்தை அவள் மட்டும்தான் பார்த்துப் பழகியிருக்கிறாள். நாங்கள் பார்ப்பது மறுபக்கத்தை.

குருவி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். நேரில் பார்த்தாள். மறுபடி கண்ணாடி.

"அய்யோ, ஆமாம். அந்தப் பெரியம்மா பொண்ணு இங்கதான் குடியிருக்காங்க."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இருங்க. அப்போ நீங்க எல்லாரும் இத்தனை வருஷமா வேற ஒருத்தியையா பாத்துட்டு இருந்தீங்க?"

"நீதாம்மா வேற ஒருத்தியைப் பாத்துட்டு இருந்தே."

"வாயைப் பாரு. என் முகம் எனக்குத் தெரியாதா?"

"சித்தி, என் மூக்கு? அதுவும் மாறுமா?"

"உன் மூக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா. "உங்க அப்பா குடுத்தது."

மூவரும் வெகுநேரம் கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

*

இனி எளிது என்று நினைத்தேன். இந்த முறை அக்காவை விட்டுவிட்டுக் கிணற்றைப் புரட்டினேன். கல் கோபித்துக்கொள்ளாது. வெளிச்சம் பொருந்தியது. அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"அம்மா!" என்றாள் குருவி. படத்தைப் பார்த்துத்தான். அக்கா சமையலறையிலிருந்து என்னடி என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பார்த்தாள்.

"கிழி."

"அக்கா…"

"பேசினபடி கிழி. இவதான். இத்தனை நாளா வந்து உக்காந்துக்கிட்டிருந்தவ இவதான்."

கடைக்குக் கொண்டுபோய்ப் படத்தைக் கண்ணாடி முன் பிடித்துக் காட்டினேன். கண்ணாடிக்குள் அவளுக்குத் தெரிந்த முகம் வந்தது. அவளும் ஒப்புக்கொண்டாள்.

"சரி, இதுல நான் இருக்கேன். இவ ரூம்ல எதிர்லயும் ஒரு கண்ணாடி மாட்டுவியா?"

"உன் படம் உனக்கா? எனக்குத்தானேம்மா" என்றாள் குருவி.

"உனக்குத்தான். மாட்டி வச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதான் எங்க அம்மான்னு சொல்லுவே. நான் இல்லாத இடத்துல, நான்னு சொல்லிக்கிட்டு இவ நிப்பா." மூலையில் செருகியிருந்த பழைய படத்தை உருவி நீட்டினாள். "வேணும்னா இதை எடுத்துட்டுப் போ."

"தெரியாதவங்க படத்தை நான் எதுக்குச் சுவர்ல மாட்டணும்?"

சொன்ன உடனே குருவி உதட்டைக் கடித்தாள்.

"தெரியாதவளா?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் குருவி. மாடிக்குப் போய்ப் பெட்டியை மூடினாள். அது மூடுகிற சத்தம் கீழே கேட்டது.

அக்கா தரையில் கிடந்த முடியைப் பெருக்கினாள். ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டிருந்தது.

"கிழிச்சிட்டியா?"

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் கிழிக்கிறேன். டாக்டர்கிட்ட காட்டணும்."

"நானும் வர்றேன். என் கண்ணு முன்னாடி கிழி."

*

குருவிக்குத் திங்கட்கிழமை ரயில்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் அக்கா இருக்கிறாள், குருவிக்கு யாரும் இல்லை. மற்றதில் குருவியின் அம்மா இருக்கிறாள், அக்கா இல்லை. ஒருத்திதான். ஒரே நொடி, ஒரே சிரிப்பு, பொடுகுக்காகச் சிரித்தது. நடுவில் ஒரு புரட்டல்.

வேறு வேலை பார்க்கலாம் என்று நிழலின் கேள்வியை எடுத்துக்கொண்டேன். தண்ணி எங்கே? கிணறு ஆழம், உள்ளே தெரியாது. கிணற்றை எடுத்துவிட்டு விளிம்பு வரை தண்ணீர் நிற்கும் ஒரு கல்தொட்டியை வைத்தேன். நிலாவைத் தண்ணீருக்குள் இறக்கினேன். கதையில் சொன்னபடி பெருக்க வைத்தேன், பக்கங்களில் இடிக்கிற அளவுக்கு. தொட்டியின் அந்தப் பக்கம் அக்கா, நேர் அக்கா, குனிந்து நிற்கிறாள். இந்தப் பக்கம் தண்ணீர்.

தண்ணீர் இருந்தால் அதில் அவள் தெரிய வேண்டும். அக்காவின் உருவத்தை எடுத்து மேல்கீழாகக் கவிழ்த்து, விளிம்புக்குக் கீழே வைத்தேன். கலங்கலாக்கினேன். கொஞ்சம் நீலம். நிலாவுக்குப் பக்கத்தில் அவள் தலைகீழாகத் தொங்கினாள்.

கழுத்து வலித்தது. தலையைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.

பிறகு கலங்கலைப் பாதியாகக் குறைத்தேன். நீலத்தை எடுத்துவிட்டேன்.

*

அக்கா கடைக்கு உடுத்துகிற புடவையில் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குருவி ஜன்னல் ஓரம். வழியில் இருவரும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாக நடந்திருந்தார்கள்.

"இவங்கதான் அவங்களா?" என்று பேக்கரிக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எவங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் விளக்கைத் திருப்பினார். வாயை மூடச் சொன்னார். அந்த நகைச்சுவையை அன்று அக்காவுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பொட்டு கொடுத்தார், அக்காவுக்கும்.

குருவி முதலில் வந்தாள். பார்த்தாள். கண் அகன்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பொட்டு வைக்காமல் ஜன்னலுக்கே போனாள்.

டாக்டர் வைக்கவில்லை. பேக்கரிக்காரர் வைக்கவில்லை. நிழல் உடனே வைத்தார். தண்ணீரில் தெரிந்த முகத்துக்குக் கீழே, தயங்காமல். எனக்குக் காரணம் தெரியும். தண்ணீர் கீழேயிருந்து பார்க்கிறது. குனிந்து நிற்பவளின் மோவாய்க்கு அடிப்பக்கமும் மூக்குத் துவாரமும்தான் அதற்குத் தெரியும். நான் வைத்திருந்தது முன்னாலிருந்து பார்த்த முகம். கற்றுக்கொள்ள வந்தவர்கள் செய்கிற தப்பு. தெரிந்தேதான் செய்திருந்தேன்.

அக்கா நாற்காலியை நெருங்கினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கையும் தெரிந்தது, விரல் நுனியில் பொட்டு. மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். கிழிக்கச் சொன்ன அதே முகம். பொட்டு அதை நோக்கிப் போனது.

அக்கா, கீழே பார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பொட்டு பாதி வழியில் நின்றது. அக்காவின் தலை சாய்ந்தது. நான் சாய்த்தது போலவே, முதலில் கொஞ்சம், பிறகு இன்னும். அவள் வேலையில் தலைகளைப் பின்னுக்குச் சாய்த்துத் தொட்டியில் கழுவுகிறாள். தலைகீழ் முகங்கள் அவளுக்குப் புதிதல்ல.

படத்தை அட்டையிலிருந்து பிடுங்கினாள். திருப்பினாள். தலைகீழாகத் திரும்பக் குத்தினாள்.

தண்ணீர் மேலே வந்தது. தண்ணீரில் இருந்தவள் நிமிர்ந்தாள். வகிடு இடப்பக்கம். சிரிப்பு வலப்பக்கமாக ஏறியது.

 

"இங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

குருவி ஜன்னலிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தை வளைத்து, தலைகீழாகத் தொங்கிய தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நேராக நிமிர்ந்து மற்றவளைப் பார்த்தாள்.

"பெரியம்மா பொண்ணு" என்றாள்.

"மரியாதையா பேசு."

"வணக்கம் பெரியம்மா பொண்ணு."

அக்கா விரலில் இருந்த பொட்டைக் குருவியின் மூக்கில் ஒட்டினாள். அதுதான் கடைசிப் பொட்டு.

"நிலா வெளியே வந்துடுச்சே!" என்றார் பேக்கரிக்காரர்.

பார்த்தோம். தலைகீழாக இருந்த படத்தில் நிலா மேலே, அவள் தலைக்குப் பக்கத்தில், வானத்தில் இருந்தது. தொட்டியின் விளிம்பு கீழே போயிருந்தது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை.

டாக்டர் தன் கதையைத் தானே ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

நிழல் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிம்மா. தண்ணிக்கு மோவாயோட அடிதான் தெரியும். ஒரு கண்ணாடியைக் கீழ வச்சு இவங்களை மறுபடி எடு. அந்தத் துண்டை மாத்திடு. பொட்டை நானே எடுத்துடறேன்."

"இன்னொரு தடவையா?" என்றாள் அக்கா. "அதுவும் மூக்குத் துவாரத்தையா?"

"மாத்தலைன்னா சுவருக்குப் போகாதும்மா."

"போக வேண்டாம் சார்" என்றேன். "பொட்டு இருக்கட்டும்."

*

ரயிலுக்கு முன் குருவியோடு போனபோது, சட்டம் போடுகிறவர் கொக்கி எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவர் படத்தைப் பார்த்தார், தலைகீழாக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதில் எதிர்பார்க்காமல் இரண்டு கொக்கி அடித்தார். நிழலின் பொட்டை உரித்துவிடவா என்றும் கேட்டார். குருவி வேண்டாம் என்றாள். அது சட்டத்தின் கண்ணாடிக்கு உள்ளேயே இருந்துவிட்டது.

விடுதிக்குப் போன மறுநாள் போனில் கூப்பிட்டாள். அக்கா ஒரு தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். போனை நான் அவள் காதில் வைத்துப் பிடித்தேன்.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"எப்படி?"

"நேராத்தான். அம்மா மேல, பெரியம்மா பொண்ணு கீழ."

அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டாள்.

"நான் வர்ற அன்னைக்கு?"

"நீ படியேறுற சத்தம் கேட்டதும் திருப்பி மாட்டிடுவேன்."

"எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"அப்போ அவசரமில்ல. எனக்கு மூச்சு வாங்கும். நிதானமா திருப்பு."